பன்னிரண்டு மில்லிமீட்டர்

வியாழன் காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் சைட் ஆபீசில் போனை எடுக்கிறவர் நேற்றுக்கூடச் சொன்னார், "சார் நல்லாத்தாம்மா இருக்காரு, இப்பதான் சாப்பிட்டுட்டு சுரங்கத்துக்குள்ள போனாரு." ஒன்பது நாளாக இதையேதான் சொல்கிறார். நான் எப்போது கூப்பிட்டாலும் நீ அப்போதுதான் உள்ளே போயிருக்கிறாய். மலையை இந்தப் பக்கம் குடைய ஆரம்பித்தவன் அந்தப் பக்கமாக வெளியேறி ஓடிவிட்டானா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

போனை எடுக்காதவனுக்குக் கடிதம்தான் வழி. உங்கள் தபால் பை வாரத்துக்கு இரண்டு முறை மலையேறுகிறதாம். இதையாவது பிரித்துப் படி.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு நான் பதறிப்போய்ச் சொன்னது பாதி, லைன் விட்டுவிட்டுக் கேட்டதில் உனக்குப் புரிந்தது கால்வாசி இருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை உன் மனைவியை ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். டோக்கன் முப்பத்தொன்று. எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தவர்களை ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் டாக்டர் ஆரம்பத்தில் கலகலப்பாகத்தான் பேசினார். இதோ விரல், இதோ முதுகெலும்பு, இதயம் நன்றாக அடிக்கிறது என்று திரையில் காட்டிக்கொண்டே வந்தார். தலைக்கு வந்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது. கருவியை வயிற்றில் அழுத்தி அழுத்தி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம், "பன்னெண்டு போட்டுக்கோ" என்றார்.

மூளைக்குள் தண்ணீர் நிற்கிற சின்ன அறைகள் இரண்டு உண்டாம். உனக்கும் உண்டு, எனக்கும் உண்டு. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு அந்த அறையின் அகலம் பத்து மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். நம் குழந்தைக்குப் பன்னிரண்டு இருக்கிறது.

உன் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? எடைக்கருவி சோதிக்கிற ஆபீசில் எட்டு வருஷம் குப்பை கொட்டியவள் அல்லவா? படுத்தபடியே கேட்டாள், "டாக்டர், உங்க மிஷின்ல முன்னப்பின்ன எவ்வளவு வரும்?" அவர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, "ஒரு மில்லிமீட்டர் வரும்மா" என்றார். "அப்ப பதினொண்ணாவும் இருக்கலாம், பதிமூணாவும் இருக்கலாம், இல்லையா?" என்று கேட்டாள். கடை கடையாய்ப் போய்த் தராசுக்கு முத்திரை போடுகிறவள் தோரணை அது. எனக்குக்கூட, இந்த நேரத்தில் இதென்ன வக்கீல் வேலை என்று இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அவளுடைய கை படுக்கை விரிப்பை நரம்பு புடைக்கப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்று லைன் அறுந்த பிறகு என் போனுக்கு நீ ஒரு வரி அனுப்பினாய். "என்ன சாப்பிட்டா? எடைக்கல்லு தூக்கினாளா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ இருக்குமிடம் தெரியவில்லை.

இரண்டாம் மாதத்திலிருந்தே அவள் எடைக்கல் தூக்குவதில்லை. உதவியாளர்தான் தூக்கி வைக்கிறார், இவள் முள்ளை மட்டும் பார்க்கிறாள். உன் வரியை அவளுக்குக் காட்டவேண்டாம் என்று போனைத் தையல் மிஷின் மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். சீருடைத் துணி விஷயமாகப் பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ கூப்பிட, அதை எடுத்துக் கொடுக்க வந்தவள் கண்ணில் பட்டுவிட்டது. "அண்ணி, இதுக்கு நான் பதில் போடட்டுமா?" என்று கேட்டாள். அவளே, "வேணாம், கேள்வி உங்களுக்குத்தானே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாடிவீட்டு அம்மாள் தினமும் வருகிறாள். வயிற்றின் பக்கத்தில் வாய்ப்பாடு சொன்னால் குழந்தைக்கு மூளை வளருமாம். சொல்லியும் பார்த்துவிட்டாள், ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கிவிட்டது. அந்த அம்மாளாவது வந்து ஏழெட்டு ஐம்பத்தாறா ஐம்பத்துநான்கா என்று முழிக்கிறாள். நீ அதுகூடச் செய்யவில்லை.

திங்கட்கிழமை ஒரு பரிசோதனை இருக்கிறது. வயிற்றில் ஊசி செலுத்தி, குழந்தை மிதக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்களாம். ஊசியால் கர்ப்பத்துக்கே ஆபத்து வர நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வாய்ப்பு உண்டு என்று சொல்லி யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். யோசிப்பதற்கு இரண்டு பேர் வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் கூப்பிடு. எனக்கு வேண்டாம், அவளுக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா


சனிக்கிழமை

தம்பிக்கு,

'அன்புள்ள' எங்கே என்று தேடாதே. இந்த வாரம் கையிருப்பில் இல்லை.

நீ கூப்பிடவில்லை. ஊசி போட்டாகிவிட்டது. படிவத்தில் 'கணவர் அல்லது நெருங்கிய உறவினர்' என்று இருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ், "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டதற்கு உன் மனைவி, "டன்னல்ல வேலை, வர முடியாது" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் பொய்ச்சாட்சி சொன்ன மாதிரி இருந்தது.

முடிவு வந்துவிட்டது. மரபணுக் கோளாறு எதுவும் தென்படவில்லை. தொற்றும் இல்லை. அப்படியானால் எல்லாம் சரியா என்று கேட்டால், சரி என்றும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். ரிப்போர்ட்டைப் படித்தால் 'இருக்கலாம்', 'கருதப்படுகிறது', 'மேலும் பார்க்க வேண்டும்' என்றுதான் நாலு பக்கமும். இந்தத் தினுசில் நான் சட்டை தைத்துக் கொடுத்தால் விடுவார்களா? கை நீளமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று சொன்னால் என் மிஷினைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவார்கள்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மூளை டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். பிறக்காத குழந்தைகளின் மூளையை மட்டுமே பார்க்கிறவர். அவர்தான் முதல் முறையாக எங்களை மனுஷிகளாக மதித்து, ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொன்னார். மூளைக்கான செல்கள் எல்லாம் அந்தத் தண்ணீர் அறைகளின் சுவரை ஒட்டித்தான் பிறக்கின்றனவாம். அங்கிருந்து வெளிப்பக்கமாக நகர்ந்து போய் அதனதன் இடத்தில் உட்காரும். முதலில் போனது அடியில் இருக்கும். பின்னால் வருவது அதைத் தாண்டி மேல் வரிசைக்குப் போகும். நிமிஷத்துக்கு லட்சக்கணக்கில் பிறந்து, இடித்துக்கொள்ளாமல் இடம் பிடிக்குமாம். நம் வீட்டில் நாலு பேர் ஒரு வண்டியில் ஏறுவதற்கு முன் எத்தனை சண்டை நடக்கும் என்று உனக்குத் தெரியும்.

இப்போதைக்குக் குழந்தையின் மூளை வழவழவென்று இருக்குமாம். எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தானாம். மடிப்புகள் ஏழாம் மாதத்துக்கு மேல்தான் நன்றாக விழும். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் சேர்க்கும் பாலம் ஒன்று உண்டு, அது நம் குழந்தைக்கு இருக்கிறது. "அது நல்ல சேதிம்மா. இந்த அகலத்தைத் தவிர வேற குறை எதுவும் இல்லைன்னா, பத்துக்கு ஒன்பது குழந்தைங்க நல்லாத்தான் வளருது" என்றார். அந்தப் பத்தாவதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் கேட்டது வேறு. "டாக்டர், நான் சாப்பிட்டது, தூக்கினது ஏதாவது காரணமா இருக்குமா?" டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, "யாரு கேட்டாங்க உங்கள?" என்றார். "யாரும் கேக்கல, நானாத்தான் கேக்கறேன்" என்றாள் உன் மனைவி. புரிகிறதா? அந்த அறையில்கூட உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"மூளைக்கு அஸ்திவாரமே நாலாவது வாரத்துல போட்டு முடிஞ்சிடும். அப்ப நீங்க மாசமா இருக்கறதே உங்களுக்குத் தெரியாது. நீங்க பண்ணின எதனாலும் வந்ததில்லம்மா இது" என்று சொன்னார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று யோசிப்பதானால் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும், அதற்கு மேல் தள்ள முடியாது, எதைச் சொன்னாலும் தப்பில்லை என்றார். "வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டு வாங்க."

எப்படிப் பேசுவாள்? மலை உச்சியில் ஏறி நின்று கத்தட்டுமா?

தம்பி, உன் கேள்வி எனக்குப் புதிதல்ல. நம் கடைசித் தம்பி குட்டி பிறந்து ஒரு வருஷமாகியும் தலை நிற்காமல் இருந்தபோது அப்பா அம்மாவிடம் இதையேதான் கேட்டார். "மாசமா இருக்கும்போது என்னத்தத் தின்ன?" நான் அடுப்படியில் இருந்தேன், நீ அம்மா காலடியில் விளையாடிக்கொண்டிருந்தாய். அம்மா அப்போது பதில் சொல்லவில்லை. ஆனால் சாகும் வரைக்கும் பதில் தேடிக்கொண்டே இருந்தாள். துணி துவைக்கும்போது திடீரென்று நிறுத்திவிட்டு, "அந்த மாத்திரையா இருக்குமோ?" என்பாள். இன்னொரு நாள், "படியில வழுக்கினேனே, அன்னிக்கா?" என்பாள். குட்டி பதினோரு வயதில் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கணக்கெடுப்பு ஓயவில்லை. அம்மாவுக்குச் சொல்ல அன்றைக்கு ஒரு டாக்டரம்மா இல்லை. உன் மனைவிக்குச் சொல்லியாகிவிட்டது. நீ போட்ட விதையை டாக்டரம்மா பிடுங்கி எறிந்தாரா என்று தெரியவில்லை. இரண்டு நாளாக அவள் காலண்டரைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமைக்குள். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்கா


ஞாயிற்றுக்கிழமை

தம்பிக்கு,

உன் அரைத்தாள் கடிதம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை வந்து போய் ஐந்து வாரத்துக்குப் பிறகு.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை முதலில் சொல்கிறேன். காலையில் அவள் எப்போதும்போல ஆபீசுக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளில் ஆபீசா என்று நான் சத்தம் போட்டேன். உன் மேல் இருந்த கோபமெல்லாம் அவள் மேல் கொட்டிவிட்டது. உனக்கு மனசே இல்லையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். சொன்ன வாய்க்கு இன்னும் நான் சூடு போட்டுக்கொள்ளவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "அண்ணி, அங்க போனா முள்ளு நடுவுல வந்து நிக்கும். அதைப் பார்த்தாத்தான் எனக்கு மூச்சு விட முடியுது." மத்தியானம் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

டாக்டரம்மா கேட்டபோது, "தொடர்றேன்" என்றாள். அவர் தன் கடமைக்கு, "என்னால உத்தரவாதம் தர முடியாதும்மா, அது தெரியும்தானே?" என்று கேட்டார். "எனக்கு உத்தரவாதம் வேணாம் டாக்டர், கூட நிக்க ஆளுதான் வேணும்" என்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

இப்போது உன் அரைத்தாளுக்கு வருகிறேன். சுரங்க வேலையை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டித்து எழுதிக் கொடுத்துவிட்டாயாம். கீழே பென்சிலில், "பயமா இருக்கு அக்கா. இன்னொரு தடவை என்னால தூக்கிச் சுமக்க முடியாது" என்று எழுதியிருக்கிறாய். அடித்தும் இருக்கிறாய். அடித்தால் தெரியாது என்று நினைத்தாயா?

அதைப் படித்ததும் தாளைக் கிழிக்க வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் போய்விட்டது என்று நினைக்காதே.

குட்டியை நீதான் சுமந்தாய். உனக்கு ஆறு வயதானதிலிருந்து அவன் போகும் வரைக்கும் உன் முதுகு அவனுடையதாகத்தான் இருந்தது. அது எனக்கு மறக்கவில்லை. நான் பள்ளிக்கூடம், தையல் வகுப்பு என்று ஓடிவிட்டேன். நீ விளையாடப் போகவில்லை. அதற்கு நான் உனக்குக் கடமைப்பட்டவள்தான். ஆனால் நீ சுமையை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாய். சைக்கிள் மணியை அடித்தால் அவன் அடுத்த தெரு வரைக்கும் கேட்கச் சிரிப்பானே, அது எங்கே போயிற்று? அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் கோபத்தோடு கோபமாக முதலில் அவன் பக்கத்தில்தானே போய் உட்காருவார்? அவனால் நாம் கெட்டுப்போனோம் என்றா நினைக்கிறாய்? நம் வீட்டைக் கெடுத்தது அவன் இல்லை, அப்பா கேட்ட அந்தக் கேள்விதான். அதைத்தான் நீ பத்திரமாக எடுத்து வைத்திருந்து இவளிடம் கேட்டிருக்கிறாய்.

இன்னொன்று. இந்தக் குழந்தை குட்டி இல்லை. அது யார் என்று யாருக்கும் தெரியாது. டாக்டருக்கே தெரியவில்லை, உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

செவ்வாய்க்கிழமை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய் மாதிரியான இயந்திரத்துக்குள் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து முக்கால் மணி நேரம். உள்ளே தகரக் கொட்டகையில் சம்மட்டி அடிப்பதுபோலச் சத்தமாம். வெளியே வந்ததும், "உங்க தம்பி வேலை பாக்கற இடமும் இப்படித்தான் இருக்குமா அண்ணி?" என்று கேட்டாள். இத்தனை வாரத்தில் யாரும் கேட்காமல் அவளாக உன்னைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது.

படத்தை டாக்டரம்மா காட்டினார். மடிப்புகள் விழ ஆரம்பித்துவிட்டன. எந்த வாரத்துக்கு எந்த மடிப்பு வரவேண்டுமோ அது அந்த இடத்தில் இருக்கிறதாம். பாலம் முழுசாக இருக்கிறது. அறையின் அகலம் பதினொன்றரை. குறையவில்லை என்று நான் சொன்னேன், கூடவில்லை என்று அவள் சொன்னாள். பிறந்த பிறகு ஒரு முறை, ஆறு மாதத்தில் ஒரு முறை, பிறகு நடக்கும்போது, பேசும்போது, பள்ளிக்கூடம் போகும்போது என்று வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். முடிவு என்று ஒரு நாளில் சொல்ல எதுவும் இல்லையாம். எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் தலையாட்டி, அடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஆறு மாத நீட்டிப்பை ரத்து செய். செய்வாயா மாட்டாயா என்று எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது.

அக்கா


புதன்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

கொஞ்சம் கையிருப்பு வந்திருக்கிறது, அதனால் போட்டிருக்கிறேன். அதற்காகத் தலைகால் தெரியாமல் ஆடாதே.

திங்கட்கிழமை நீ அவளைக் கூப்பிட்டாயாம். நான் துணிக்கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவாய், தெரியும். அவள் போனில் பதினோரு நிமிடம் என்று காட்டியது, அவ்வளவு நேரம் பேசினீர்களா என்று கேட்டேன். "பேசலை அண்ணி. லைன்ல இருந்தாரு" என்றாள். பதினோரு நிமிடமும் மூச்சுதான் கேட்டதாம். இடையில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாயாம். அவளும் ஒன்றும் பேசாமல், பதினோரு நிமிடமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், எட்டு மாதக் கர்ப்பிணி, உட்காரக்கூடத் தோன்றாமல். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. மூச்சு விடத் தெரிந்தவனுக்கு "சாப்பிட்டியா" என்று கேட்கத் தெரியாதா? அதற்கு என்ன சுரங்கம் வெட்டவேண்டும்?

ஆனால் அன்றைக்கு அவள் காலண்டரைப் பின்பக்கம் புரட்டவில்லை. இதையும் சொல்லவேண்டியது என் கடமை.

நீ அவளிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. உனக்காக நான் பேசப்போவதில்லை. அவளுக்காகவும் பேசப்போவதில்லை. மூன்று மாதத்துக்கும் மேலாக நீங்கள் இருவரும் என் தலையில் ஏறி உட்கார்ந்து என் வாயால் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தைக்க நாற்பது சீருடை பாக்கி இருக்கிறது.

பிரசவத்துக்கு இன்னும் நான்கு வாரம் சொல்லியிருக்கிறார்கள், முன்னாலும் ஆகலாம். பிறந்த இரண்டாம் நாள் குழந்தைக்குத் தலையில் ஸ்கேன் பார்ப்பார்கள். உச்சிக்குழி வழியாகப் பார்ப்பதால் குழந்தைக்கு வலிக்காதாம். எத்தனை மில்லிமீட்டர் என்று அப்போது சொல்வார்கள். அந்த எண்ணைக் கேட்கும்போது அவள் பக்கத்தில் நான் நிற்பேன், அது நிச்சயம். ஆனால் நான் நிற்கவேண்டிய இடம் அது இல்லை.

உங்கள் மேலதிகாரியிடம் நான் பேசினேன். கோபித்துக்கொள்ளாதே, உன் போனுக்குப் பதில் யாருடைய போனாவது எடுக்கப்படவேண்டும் அல்லவா? நீட்டிப்பைத் திரும்பப் பெற நீயே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், தடையில்லை என்றார். "நல்ல மனுஷன்மா அவரு, ஆனா கொஞ்ச நாளா யார்கிட்டயும் பேசறதில்ல" என்றும் சொன்னார். உள்ளே போகும்போது தலைக்கவசத்தை மறக்காமல் போட்டுக்கொள்.

புறப்படும்போது யாருக்கும் சொல்லவேண்டாம். சொல்லிவிட்டு வராமல் இருப்பதைவிட அது மேல். எதுவும் வாங்கி வரவேண்டாம். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்க்கவும் வேண்டாம், வாசலுக்கு வந்ததும் எல்லாம் மறந்துதான் போகும். வந்து கதவைத் தட்டு. நான் வீட்டில் இருந்தாலும் எழுந்திருக்கமாட்டேன். அவள்தான் வந்து திறக்கவேண்டும். இப்போது அவளால் வேகமாக நடக்க முடியாது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். நேரமாகிறதே என்று திரும்பிப் போய்விடாதே, தம்பி. கொஞ்சம் நின்றுகொண்டிரு.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அக்கா